வண்டி என்ன சொல்கிறது? – பழைய காரின் பழுதுகள் பற்றி ஒரு பேச்சு



நம் நாட்டுச் சாலைகளில் பழைய கார்கள் நிறைய ஓடுகின்றன. அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் தயாரானது. 2014இல் அந்த வேலை நின்றது. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வெளிவந்தது. அதுவும் 2014இல் நிறுத்தப்பட்டது. இரண்டும் இப்போது புதிதாக வருவதில்லை. ஆனால் பழைய வண்டிகள் கை மாறி, கை மாறி இன்னும் ஓடுகின்றன.

இவற்றை யார் வாங்குகிறார்கள்? பணக்காரர்கள் அல்ல. சந்தைக்குத் துணி கொண்டு போகிற வியாபாரி வாங்குகிறார். வயதான தாயை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டிய மகன் வாங்குகிறார். குழுவில் கடன் எடுத்து வாங்குகிறார்கள். நகையை அடகு வைத்து வாங்குகிறார்கள்.

வாங்கும்போது விலை குறைவுதான். செலவு பிறகு வருகிறது. அதிலும் பாதிச் செலவு பழுதினால் வருவதில்லை. எது பழுது என்று தெரியாமல் சாமான் மாற்றுவதால் வருகிறது.

நல்ல மருத்துவர் என்ன செய்கிறார்? வந்தவுடன் ஊசி போடுவதில்லை. "என்ன செய்கிறது? எப்போதிலிருந்து? சாப்பிட்ட பிறகா, சாப்பிடும் முன்பா?" என்று கேட்கிறார். நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். வண்டிக்கும் அப்படித்தான். முதலில் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், முகர வேண்டும். ஸ்பானரை எடுப்பது அதற்குப் பிறகு.

ஒரு துணி வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. பின் சீட்டில் சேலை மூட்டைகளை அடுக்குவார். வாரம் நான்கு சந்தைக்குப் போவார். ஒரு நாள் காலை வண்டி கிளம்பவில்லை. "பேட்டரி போய்விட்டது, புதுசு வாங்கு" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். வியாபாரி புதுப் பேட்டரி வாங்கினார். இரண்டு வாரம் ஓடியது. மறுபடியும் நின்றது. அன்று சந்தை போயிற்று. வட்டிக்காரர் வருகிற நாளும் அதுதான். ஊர் எல்லையில் இருந்த வயதான மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

"தம்பி, சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஒரு சத்தமும் இல்லண்ணே. டக்குன்னு ஒரு தடவை கேக்குது. அவ்வளவுதான்."

"முன் லைட்டைப் போடு. எரியுதா?"

"நல்லா எரியுதுண்ணே."

"லைட் எரியும்போதே சாவியைத் திருப்பு. லைட்டைப் பாரு."

சாவியைத் திருப்பியதும் லைட் சட்டென்று அணைந்தது. சாவியை விட்டதும் மறுபடி எரிந்தது.

"பேட்டரியில கரண்ட் இருக்கு தம்பி. வழியிலதான் அடைப்பு" என்றார் மெக்கானிக்.

அவர் பேட்டரியின் மேல் இருந்த இரண்டு ஒயர்களையும் கழற்றினார். ஒயரின் பிடிக்குள் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது. கார் உடம்போடு ஒயரைச் சேர்க்கும் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. பேட்டரி புதுசு. ஆனால் பிடி பழசு. பேட்டரி மாற்றியவர் பிடியைச் சுத்தம் செய்யவில்லை. மெக்கானிக் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினார். பொடி நுரைத்துக் கரைந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காய்ந்த பிறகு இறுக்கி மாட்டினார். மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது. செலவு என்ன? சோடாவும் உப்புத்தாளும் மெக்கானிக்கின் கூலியும்தான். பழைய பேட்டரியும் நன்றாகவே இருந்திருக்கலாம். அதை எடைக்குப் போட்டு விட்டார்கள்.

இந்தச் சோதனையை யாரும் செய்யலாம். லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். லைட் முதலிலேயே மங்கலாக இருந்து, திருப்பும்போது இன்னும் மங்கினால் பேட்டரி பலவீனம். லைட் சட்டென்று அணைந்து திரும்ப வந்தால் ஒயர் பிடி சரியில்லை. லைட் பிரகாசமாக அப்படியே நின்று, செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றாவிட்டால் மோட்டாரிலோ, அதற்குப் போகும் ஒயரிலோ, சாவி சுவிட்சிலோ கோளாறு.

பேட்டரி ஒயரைக் கழற்றும்போது எர்த் ஒயரை, அதாவது கழித்தல் குறி போட்ட பக்கத்தை, முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் காரின் இரும்பில் பட்டுப் பெரிய தீப்பொறி வரும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் வாயு வருகிறது. அதனால் பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் பேட்டரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது பேட்டரித் தகடுகளைக் கெடுக்கும்.

பேட்டரி நல்லது, பிடியும் சுத்தம். ஆனாலும் அடிக்கடி சார்ஜ் இறங்குகிறதா? அப்போது டைனமோவைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் வோல்ட் மீட்டர் இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. சில நேரம் டைனமோவைச் சுற்றும் பெல்ட் தளர்ந்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகலாம். தொளதொளவென்று ஆடக்கூடாது.

சிலர் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பார்கள். மிகப் பழைய காலத்துப் பழக்கம் இது. அப்படிச் செய்தால் டைனமோவின் உள்ளே இருக்கும் மின்பாகங்கள் எரிந்து போகலாம். நல்ல டைனமோவும் கெட்டுப் போகும். யார் செய்தாலும் தடுக்க வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. இது வேறு கதை. பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழைய வண்டியில் பெட்ரோல் முள் பொய் சொல்லும். கால் டாங்கி காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. இது தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறைய உண்டு.

பெட்ரோல் வாசனை பலமாக அடிக்கிறதா? அப்படியானால் பெட்ரோல் அதிகமாகப் போய்விட்டது. பிளக் நனைந்துவிட்டது. கார்புரேட்டர் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது. செல்ஃபை ஒரேயடியாகப் பத்து வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அரை நிமிடம் விட்டு மறுபடி அடிக்கலாம். இல்லாவிட்டால் மோட்டார் சூடாகிக் கெடும்.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஓடி வந்த அம்பாசிடர் டீக்கடையில் நிற்கும். டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பாது. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது. பம்பினால் ஆவியை இழுக்க முடியாது. பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஆவி மறுபடி பெட்ரோலாகும். வண்டி கிளம்பும். இது மந்திரம் அல்ல. மண்பானை ஈரத்தால் குளிர்வதைப் போலத்தான்.

தீப்பொறியைப் பற்றி அறிய பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். பிளக்கின் முனை நிறம் பேசும். வெளிர் பழுப்பு நிறம் என்றால் இன்ஜின் நலம். காய்ந்த கரி படிந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே புகுகிறது. பழைய அம்பாசிடரில் பாயிண்ட் என்ற ஒரு பாகம் உண்டு. அது கரிந்து போனால் தீப்பொறி வராது. உப்புத்தாளால் தேய்த்தால் தற்காலிகமாக ஓடும். இடைவெளியை அளவுக் கருவி வைத்துச் சரி செய்வதே முறை.

சைலன்சர் புகையும் இப்படித்தான் பேசும். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் வீணாகிறது. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அது பெரிய செலவுக்கு அடையாளம். குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பயமில்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

கேஸ்கட் ஏன் போகிறது? பெரும்பாலும் சூட்டினால்தான். சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கையும் முகமும் வெந்து போனவர்கள் உண்டு.

சூட்டு முள் சிவப்புக்குப் போகிறது. பானட்டிலிருந்து ஆவி வருகிறது. உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்க வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அந்த இரண்டு கிலோமீட்டரில் இன்ஜின் போய்விடும். பானட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம்.

ஏன்? உள்ளே இருக்கும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அதனால் 100 டிகிரிக்கு மேல் சூடானாலும் அது கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போகிறது. அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும். அடுப்பில் விசில் வரும் குக்கரை யாராவது திறப்பார்களா? இதுவும் அதேதான். குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மேல் ரப்பர் குழாயைத் துணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று இருந்தால்தான் அழுத்தம் குறைந்திருக்கிறது. பிறகும் கனத்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, மெதுவாகத் திருப்ப வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றவும் கூடாது. இரும்பு விரிசல் விடும்.

இனி, சூடு ஏன் வந்தது? தண்ணீர் குறைந்ததா? குறைந்தது என்றால் எங்கே ஒழுகுகிறது? இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால் காலையில் தெரியும். மாருதியில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் சுற்றுகிறது. நகர நெரிசலில் மட்டும் சூடேறி, காற்றோட்டமான சாலையில் சூடு இறங்கினால் ஃபேன் மேல் சந்தேகம் வர வேண்டும். ஃபியூஸ் போயிருக்கலாம். அதை இயக்கும் சுவிட்ச் போயிருக்கலாம். அந்த ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றத் தொடங்கும். சாவி போட்டிருக்கும்போது அதன் அருகே கை வைக்கக் கூடாது. பழைய அம்பாசிடரில் ஃபேனைப் பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சூடும் ஏறும், சார்ஜும் இறங்கும்.

ஃபேனும் சரி, தண்ணீரும் சரி, ஆனாலும் சூடு என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும். கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் இப்படி ஆகும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் தண்ணீர் எப்படி ஓடும்? கூலன்ட் ஊற்றுவது செலவுதான். ஆனால் ரேடியேட்டர் மாற்றுவதை விடக் குறைவு.

இன்ஜின் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. பலர் இன்ஜினுக்குச் செலவு செய்துவிட்டு பிரேக்கை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடுகிறார்கள். இது தலைகீழ் கணக்கு.

பிரேக் கெடும் முன் சொல்லிவிட்டுத்தான் கெடும். பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பெடலை மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு. இது மிக ஆபத்து. அந்த இடத்திலேயே வண்டியை விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஒரு சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வருகிறதா? பிரேக் கட்டை தேய்ந்து முடிந்துவிட்டது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா? பிரேக் ஆயில் ஒழுகுகிறது.

பிரேக் ஆயில் டப்பா பானட்டுக்குள் இருக்கிறது. அதில் மேல் கோடு, கீழ் கோடு என்று இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். டப்பா மூடியில் எழுத்து இருக்கும். பல வண்டிகளில் டாட் 3 என்று போட்டிருக்கும். கடையில் வாங்கும் புட்டியிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர்கள் ஊதிவிடும். பிரேக் முழுவதும் போகும். நல்ல பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கிறது. ஈரம் சேர்ந்தால் மலை இறக்கத்தில் சூடாகிக் கொதிக்கும். அப்போது பெடல் வெறுமனே கீழே போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ஓடும்போதே பிரேக் போனால்? பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். சில நேரம் கொஞ்சம் பிடிக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். சாவியை அணைத்து உருவிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கிளட்ச், டயர் பற்றிச் சுருக்கமாக. மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. மாருதியை முழுவதும் திருப்பும்போது முன் சக்கரத்தில் டக் டக் என்று கேட்டால் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. அந்த மூட்டை மூடும் ரப்பர் உறை கிழிந்தபோதே மாற்றியிருந்தால் சிறு செலவோடு போயிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. "புது டயர்" என்று விற்பவரிடம் இந்த எண்ணைப் படித்துக் காட்டலாம்.

வண்டி வாங்கப் போகும்போதும் இந்தக் கண்ணும் காதும் வேண்டும். போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் உண்மை சொல்லும். ஆறிய பிறகு வருகிறோம் என்று சொல்லலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும், சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணோடு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் வாங்கக் கூடாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு வரை செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். தில்லி போன்ற சில இடங்களில் பழைய வண்டிக்குத் தனி விதி உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். வெற்றுப் படிவத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சொந்தமாக வேலை செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி நழுவும். கனத்த மரக்கட்டையைக் கீழே வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்த பிறகும் தேவையில்லாமல் உள்ளே போகாமல் இருப்பது நல்லது. அடுத்தது, கதவு மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட விடக் கூடாது. சைலன்சர் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் போனால் மயக்கம், பிறகு உயிர். இன்ஜினை ஓட விட்டுக் காருக்குள் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போனது இப்படித்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வண்டியில் இருக்கட்டும். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், கொடுத்த பணம். நான்கையும் அன்றே எழுதலாம். "போன மாதம்தானே பிளக் மாற்றினோம்?" என்று மெக்கானிக்கிடம் கேட்க அந்த நோட்டு உதவும். ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பழுது என்று கடைசி வரை தெரியாது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு போதும். வாசலில் ஒரு பழைய மாருதி நிற்கிறது. காலையிலிருந்து ஓட்டவில்லை, இன்ஜின் ஆறியிருக்கிறது. பானட்டைத் திறந்து பேட்டரிப் பிடியையும், ஆயில் குச்சியையும், பிரேக் ஆயில் கோட்டையும் ஒவ்வொருவராகப் பார்க்கலாம். வாருங்கள்.